காலை ஐந்து மணிக்கு மாடியில் நீங்கள், கீழே அப்பா

கேள்வி:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 43. அப்பா ஆரம்பித்த தொழில், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். என்னை நான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஜனவரியில் போனில் ஒரு ஆப் போட்டு ஒன்பது பழக்கங்களை ஆரம்பித்தேன். 4:45க்கு எழுவது, தியானம், டைரி, பத்துப் பக்கம் புத்தகம், ஆறு மணிக்கு காந்தி ஸ்டேடியத்தில் ஹெட்செட் போட்டுக்கொண்டு அரை மணி நேர நடை, இங்கிலீஷ், சர்க்கரை இல்லாத காபி, அன்றன்றைய கணக்கு, கடைசியாக 'பாப்பாவுடன் 15 நிமிடம்'. இருபது நாள் வரை ஓடும், அப்புறம் அறுந்துவிடும். மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. ராத்திரி வெள்ளி ரேட் பார்த்துவிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகிறது. மனைவி 'நீங்க வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரிதான்' என்கிறார். மாதம் ஒரு முறை எல்லோரையும் ஏற்காடு கூட்டிப் போகிறேன், அப்போதும் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அப்பாவுக்கு 74. நான் மாடியில் தியானம் செய்யும்போதே அவர் கீழே எழுந்து உட்கார்ந்திருப்பார், ஆறு மணிக்குத் தெருமுனை டீக்கடைக்கு நடந்து போவார். ஒரு கண்ணில் புரை, டாக்டரிடம் போவது தள்ளிக்கொண்டே இருக்கிறது. பேச ஆரம்பித்தால் சொன்னதையே சொல்வார், அதனால் நழுவிவிடுவேன், பிறகு மனசு உறுத்தும். போன வாரம் ஒன்பதாவது படிக்கும் மகள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, 'அப்பா, இன்னைக்கு எனக்கு டிக் போட்டாச்சா?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பழக்கங்களை விடாமல் பிடிப்பது எப்படி, குடும்பத்துக்கும் நேரம் ஒதுக்குவது எப்படி? இரண்டுக்கும் சேர்த்து ஒரு டைம்டேபிள் போட்டுத் தர முடியுமா?

பதில்:

வணக்கம். டைம்டேபிள் போட்டுத் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்பது கட்டம் உள்ள ஒரு டைம்டேபிள் இருக்கிறது. நான் இன்னொன்று கொடுத்தால் அது பதினான்கு கட்டம் ஆகும், அதுவும் இருபது நாளில் அறுந்துபோய் நான்காவது தடவையாக உங்களையே திட்டிக்கொள்வீர்கள். அதை விட்டுவிட்டு உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு விஷயத்தைப் பார்க்கலாம், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஐந்து மணிக்கு நீங்கள் மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள், அப்பா கீழே விழித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணிக்கு நீங்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நடப்பதற்காக காந்தி ஸ்டேடியம் போகிறீர்கள், அதே ஆறு மணிக்கு அவர் டீக்கடைக்கு நடக்கிறார். ஒரே வீடு, ஒரே வேளை, இரண்டு பேரும் நடக்கத்தான் கிளம்புகிறீர்கள். அப்படியிருக்க, பழக்கத்துக்கு ஒரு நேரம், குடும்பத்துக்கு ஒரு நேரம் என்று இரண்டு பாகமாகப் பிரித்து, இரண்டுக்கும் எங்கிருந்து நேரம் எடுப்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள். நேரத்தைப் புதிதாக எங்கிருந்தும் எடுக்க வேண்டாம், நீங்கள் பிரித்து வைத்ததைச் சேர்த்தால் போதும்.

முதலில் அந்த இருபது நாள் விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் மேல் தப்பே இல்லை. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கேயோ கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து கிளம்பியது அது. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னார். 'குறைந்தது' என்பது போகப் போகக் காணாமல் போய், முகத்துக்குச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் என்று ஆகிவிட்டது. உண்மையில் ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2009இல் அது வெளியானது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நடை என்கிற மாதிரி, தினமும் நடக்கிற இன்னொரு காரியத்தின் வாலில் கட்டி அதைச் செய்தார்கள். யோசிக்காமலேயே கை போகிற அளவுக்கு அது படிய 18 நாள் ஆனவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தவரும் உண்டு. நடுவில் நிற்கிற எண் 66. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இப்போது உங்கள் ஆப்பைப் பாருங்கள். ஒரு நாள் விட்டால் தொடர்ந்து செய்த நாள் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது, அதைப் பார்த்ததும் உங்களுக்கு மனசு விட்டுப்போகிறது. ஒரு பழக்கத்துக்கே இரண்டு மாதம் ஆகிற இடத்தில் ஒன்பதை ஒரே நாளில் ஆரம்பித்திருக்கிறீர்கள். உங்கள் பட்டறைக்குப் புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தால், கம்பி இழுப்பதிலிருந்து மெருகு போடுவது வரை எல்லாவற்றையும் முதல் நாளே அவன் கையில் கொடுப்பீர்களா? ஒரு வேலை கையில் படிந்த பிறகுதானே அடுத்தது. உங்களை நீங்கள் அந்தப் பையனை விட மோசமாக நடத்துகிறீர்கள்.

தூக்கத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டுக்குப் படுத்து 4:45க்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கங்கள் 2015இல் சேர்ந்து சொன்னதைத்தான் இங்கேயும் டாக்டர்கள் சொல்கிறார்கள். தூக்கம் குறைந்தவருக்கு முதலில் போவது பொறுமை. அப்பா இரண்டாவது தடவை ஒரு கதையை ஆரம்பிக்கும்போது உங்களுக்குள் சுள்ளென்று ஏறுகிறதே, அதில் பாதி கதையால் வருவது, மீதி தூக்கம் இல்லாததால் வருவது. அதனால் 4:45ஐ இன்றோடு விட்டுவிடுங்கள். ஐந்து மணிக்கு முன்னால் எழுகிறவன்தான் உருப்படுவான் என்பது எந்த ஊர் சட்டமும் இல்லை. பத்தரைக்குப் படுத்து 5:45க்கு எழுங்கள், ஏழு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும், ஆறு மணிக்கு அப்பா கிளம்பும்போது நீங்களும் கிளம்ப முடியும்.

பத்தரைக்குப் படுப்பது எப்படி என்று உடனே கேட்பீர்கள், ரேட் இருக்கிறதே. எனக்குத் தெரியும், இந்த ஊரில் வெள்ளித் தொழிலில் இருக்கிற பலரும் இதைச் சொல்லித்தான் என்னிடம் வருகிறார்கள். எம்சிஎக்ஸ் என்கிற பொருள் சந்தையில் வெள்ளி ராத்திரி 11:30 வரை ஓடுகிறது, வருஷத்தில் சில மாதங்கள் 11:55 வரை, அது ஓடி முடிகிற வரை கண் மூடாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ரேட் ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் அந்த நேரத்தில் கட்டி வெள்ளி வாங்கப் போவதில்லை, பார்ட்டிக்குக் கொலுசு எடை போட்டுக் கொடுக்கப் போவதும் இல்லை. வியாபாரம் நடக்கப்போவது மறுநாள் காலை ரேட்டில்தான், அது காலையில் எழுந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். நீங்கள் ராத்திரி பார்ப்பது பயத்தினால் பார்ப்பது, வேலைக்காகப் பார்ப்பது இல்லை. இதை நான் லேசாகச் சொல்லவில்லை, கையில் ஸ்டாக் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் நிஜம். இருந்தாலும் ஒன்பது மணிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு, போனை முன்ரூமில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். வெளியூர் பார்ட்டிகளிடம் 'ஒன்பதுக்கு மேல காலையில பேசிக்கலாம்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள், ஆர்டர் எங்கேயும் போய்விடாது.

இப்போது அப்பாவோடு நடப்பதற்கு வருகிறேன். ஒன்பதில் எட்டை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள், நடை மட்டும் இருக்கட்டும், அதையும் ஸ்டேடியத்திலிருந்து உங்கள் தெருவுக்கு மாற்றுங்கள். அலாரமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஆறு மணிக்கு அப்பா வாசல் தாழ்ப்பாளை விலக்குகிற சத்தம் உங்கள் வீட்டில் கேட்கும் இல்லையா, அதுதான் உங்களுக்கு அலாரம். அந்தச் சத்தம் கேட்டதும் செருப்பைப் போடுங்கள், அவ்வளவுதான். இதைத்தான் மேலே சொன்ன ஆராய்ச்சியில் செய்தார்கள், ஏற்கெனவே தினம் தவறாமல் நடக்கிற ஒன்றோடு புதியதைக் கட்டினார்கள். உங்கள் வீட்டில் பல வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் நடக்கிற காரியம் ஒன்று இருக்கிறதென்றால் அது அப்பா டீ குடிக்கப் போவதுதான். உங்கள் மனஉறுதி இருபதாவது நாள் தளரும், அவருடைய டீ தளராது.

ஹெட்செட் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவர் மெதுவாகத்தான் நடப்பார், ஒரு கண் வேறு மங்கல், அதனால் பள்ளம் மேடு இருக்கிற பக்கம் நீங்கள் நடங்கள். இது உடற்பயிற்சி ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, டீக்கடை நடை அதற்குக் காணாது. அதற்கு வழி சுலபம். கடையில் சேர்ந்து ஒரு டீ குடியுங்கள், அங்கே அவருக்கென்று நாலு பேர் இருப்பார்கள், அவர்களோடு அவரை விட்டுவிட்டு நீங்கள் வேகமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு திரும்புங்கள். நாள் பூராவும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த அப்பாவும் எதிர்பார்ப்பதில்லை.

சொன்னதையே சொல்கிறார் என்பதைப் பற்றி. எழுபதைத் தாண்டியவர்கள் தங்கள் இருபது முப்பது வயதுக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது சாதாரணமாக நடப்பது. இருபதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் மனசில் ஆழமாக நிற்கும், தொழில் கற்றது, கல்யாணம், முதல் கடன், எல்லாம் அந்த வயதில்தான் வருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், பழைய கதையைத் திருப்பிச் சொல்வது வேறு, அரை மணி நேரத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது, போய்வந்த வழியை மறப்பது, கொடுத்த பணத்தை மறப்பது வேறு. இரண்டாவது வகை இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதல் வகை என்றுதான் தெரிகிறது.

அந்தக் கதையை எப்படிக் கேட்பது? அவர் கதையைத் திருப்பிச் சொல்கிறார், ஏனென்றால் நீங்கள் தினமும் அதன் பாதியில் எழுந்து போகிறீர்கள், முடிந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை நடுவில் ஒரு கேள்வி போடுங்கள். கேஸ் அடுப்பும் டார்ச்சும் வருவதற்கு முன்னால் விளக்குச் சுடரை ஊதுகுழலால் வாயால் ஊதித்தானே கொலுசின் இணைப்புகளைப் பற்றவைத்தார்கள், ஒரு ஜோடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், கன்னம் வலிக்காதா, யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், அப்போது ஜோடிக்கு என்ன கூலி, அந்தக் கூலியில் என்ன வாங்க முடிந்தது. கேள்வி மாறினால் கதையும் மாறும். உங்களுக்குத் தெரியாத ஆள் ஒருவர் அந்தக் கதைக்குள் வருவார், உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனது வரும், பட்டறைக்கு இடம் பிடித்தது வரும். தவிர, நீங்கள் செய்வதும் அதே தொழில்தான். கூலி பாக்கியையும் ரேட் இறக்கத்தையும் அவர் எப்படித் தாண்டினார் என்பது உங்களுக்கு எந்த ஹெட்செட்டிலும் கிடைக்காது.

நீங்கள் பட்டியல் போட்டதே உங்களை வளர்த்துக்கொள்ளத்தான் இல்லையா. என்னென்ன வளர வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பொறுமை, கோபத்தை அடக்குவது, எதிராளி பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது, தப்பு நம் மேல் என்றால் சட்டென்று ஒத்துக்கொள்வது. இதில் எதையும் மாடியில் தனியாகக் கற்க முடியும் என்று நான் நம்பவில்லை. தியானம் நல்லதுதான், எனக்கு அதில் மரியாதை உண்டு, அடுத்த வருஷம் வேண்டுமானால் மறுபடி ஆரம்பியுங்கள். ஆனால் பொறுமை வளர்ந்ததா என்று பார்க்கிற இடம் கீழே அப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் ஆரம்பித்து இன்றைக்கும் நடக்கிற ஒரு ஆய்வு உண்டு, அந்தக் கல்லூரிப் பையன்கள் 268 பேரையும் பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பையன்கள் 456 பேரையும் வாழ்நாள் பூராவும் தொடர்ந்து பார்த்தார்கள். இப்போது அதை நடத்துகிற ராபர்ட் வால்டிங்கர் சொல்வது இது: ஐம்பது வயதில் தன்னோடு இருப்பவர்களிடம் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் நல்ல உடம்போடு இருந்தார்கள், ஐம்பது வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவை விட அதுதான் அதைச் சரியாகக் காட்டியது. உங்களுக்கு 43. சர்க்கரை இல்லாத காபிக்குக் கொடுத்த அக்கறையில் கொஞ்சத்தை இந்தப் பக்கமும் திருப்புங்கள்.

இனி பாப்பா. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 'ஆமாம்மா, லிஸ்ட்டுலதான் போட்டிருந்தேன், மறந்துடுவேனோன்னு பயந்து போட்டேன், அதை எடுத்துட்டேன்' என்று அவளிடமே சொல்லி, அவள் முன்னாலேயே அந்தக் கட்டத்தை அழித்துவிடுங்கள். விளக்கம் அதற்கு மேல் வேண்டாம். இங்கே நான் ஒன்றைப் பிரித்துச் சொல்ல விரும்புகிறேன், உங்கள் கடிதம் முழுவதற்கும் என் பதில் இதுதான். எந்த இடம், எந்த வேளை என்பதைப் பழக்கமாக்கலாம், ஆக்க வேண்டும். அந்த இடத்தில் என்ன பேச்சு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்பதை அளக்கக் கூடாது. அளந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது.

பதினான்கு வயதுப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து 'அப்புறம், ஸ்கூல்ல என்ன?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றுதான் வரும். இந்த வயதில் பேச்சு, கண்ணுக்கு நேரே பார்க்காதபோது வரும். அவளை ட்யூஷனிலிருந்து கூட்டி வருவது யார் என்று நீங்கள் எழுதவில்லை, பட்டறைப் பையனோ ஆட்டோவோ என்றால் வாரத்தில் இரண்டு நாள் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டால் அவளுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கு அவள் முகம் தெரியாது, அப்போது நிறைய வரும். வழியில் ஒரு தட்டுவடை செட் கடையில் நிறுத்துங்கள். கடைக்காரர் தட்டுவடைக்கு மேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, மேலே இன்னொன்றை மூடிக் கையில் கொடுக்கிற வரைக்கும் இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. மார்க்கைப் பற்றி மட்டும் அங்கே கேட்காதீர்கள். அவள் பிரண்டைப் பற்றி ஏதாவது சொன்னால் 'அவ கூட சேராதே' என்று தீர்ப்பு சொல்லாதீர்கள், 'அப்புறம் என்னாச்சு?' என்று கேளுங்கள், போதும். சில நாள் ஒன்றுமே பேசாமல் வருவாள், அந்த நாளும் வீணான நாள் இல்லை. நீங்கள் வருவீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருப்பதுதான் இங்கே முக்கியம்.

மனைவி சொன்னதுதான் உங்கள் கடிதத்திலேயே கனமான வரி. 'வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரி' என்றால் அவர் கூடுதல் மணி நேரம் கேட்கவில்லை. ஒரு நாளில் அவர் உங்களிடம் சொல்கிற சின்னச் சின்ன வாக்கியங்களை ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். 'ஏங்க, எதிர்வீட்டுல குண்டு மாம்பழம் குடுத்தாங்க, வாசனையப் பாருங்க.' 'இன்னைக்கும் தண்ணி வரல.' 'அக்கா போன் பண்ணியிருந்தா.' இதில் எதுவும் தகவல் சொல்வதற்காகச் சொன்னது இல்லை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று கூப்பிடுவது. நீங்கள் போனிலிருந்து தலையை எடுக்காமல் 'ம்ம்' என்று சொல்லும்போது அந்தக் கூப்பாடு கீழே விழுகிறது. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மேன் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் இதைத்தான் எண்ணிப் பார்த்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களைப் பார்த்து வைத்து, ஆறு வருஷம் கழித்து மறுபடி விசாரித்ததில், சேர்ந்திருந்தவர்கள் இந்த மாதிரி கூப்பிடுதல்களில் 100க்கு 86க்குத் திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33க்குத்தான் திரும்பியிருந்தார்கள் என்று சொன்னார். மாம்பழத்தை வாங்கி முகர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? முகர்ந்துவிட்டு, 'இப்பவே அறுக்கலாமா, நாளைக்கு இருக்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டில் போன் வேண்டாம், மேலே சொன்ன மாதிரி ஒன்பது மணிக்கு அது சார்ஜில் இருக்கும். அதற்கு முன்னாலேயே சாப்பிடுகிற வீடு என்றால் சாப்பிட உட்காரும்போதே வைத்துவிடுங்கள்.

ஏற்காடு விஷயத்தில் உங்களுக்கு வருத்தம் இருப்பது தெரிகிறது, செலவழித்துக் கூட்டிப்போய், அதற்கும் முகம் கொடுக்கவில்லை என்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் உங்கள் கண் ரோட்டில்தான் இருக்க வேண்டும், ஒருவர் முகத்தைப் பார்க்க முடியாது. மேலே போனதும் படகு இல்லம், லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒவ்வொன்றாக முடித்து, போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பட்டறையில் டெலிவரி தேதிக்கு ஓடுகிற அதே ஓட்டம். அடுத்த தடவை காரை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் போங்கள், மனைவிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், பாப்பா ஜன்னல் சீட்டில் இருக்கட்டும். எங்கே போவது என்று மனைவி ஒரே ஒரு இடத்தைச் சொல்லட்டும், அங்கேயே மதியம் வரை இருங்கள். மார்ச் ஏப்ரலில் ஒரு மழை விழுந்த பிறகு போனால் காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை மாதிரி ஒரு வாசனை வரும், சில நாள்தான் இருக்கும். மாதம் ஒரு முறை முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போங்கள், ராத்திரிச் சாப்பாடும் ட்யூஷன் வண்டியும் ஒழுங்காக இருக்கிற வீட்டில் அதைப் பற்றி யாரும் குறைப்பட மாட்டார்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் தவறும். கல்யாண சீசனில், தீபாவளி ஆர்டர் நேரத்தில் ராத்திரி இரண்டு மணி வரை பட்டறை ஓடும், அன்றைக்குக் காலை எழ முடியாது. எழ வேண்டாம், தூங்குங்கள். அப்பாவிடம் முதல் நாளே 'நாளைக்கு வரலப்பா' என்று சொல்லிவிடுங்கள், அவர் உங்களுக்காக வாசலில் நிற்கக் கூடாது. நிறுத்திய எட்டுப் பழக்கங்களில் எதையாவது திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றினால், நடை யோசிக்காமல் நடக்கிற அளவுக்குப் படிந்த பிறகு ஒன்றே ஒன்றை எடுங்கள். நானாக இருந்தால் புத்தகத்தை எடுப்பேன், அதுவும் பாப்பா படிக்கிற அதே மேஜையில்.

ஒன்றைக் கேட்க வேண்டும். 'யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லாமல், பசி குறைந்து, படுத்தும் தூக்கம் வராமல் இருந்தால் அது பழக்கத்தால் சரியாகிற விஷயம் இல்லை. 14416க்குப் போன் செய்யுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க நினைத்தால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அப்புறம் அப்பாவின் கண். அதை இனியும் தள்ளாதீர்கள். கண்புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது, ஆபரேஷன்தான் வழி. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வார்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். முற்றவிட்டால் ஆபரேஷன் சிரமமாகும், கண் தெரியாமல் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அதை விடப் பெரிய கஷ்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனைக்குப் பட்டறைப் பையனை அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள், ஓ.பி. வரிசையில் எப்படியும் காத்திருக்க வேண்டியிருக்கும், ஊதுகுழல் கதையில் மிச்சம் இருக்கிற கேள்விகளை அங்கே கேளுங்கள். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.